54 கிராம் காற்று

நெடுந்தூர ரைஃபிள் போட்டிகளில் .308 ரகத் தோட்டா பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் பெயர்பெற்ற ஒரு வகைக் குண்டின் எடை 11.3 கிராம், குறுக்களவு 7.8 மில்லிமீட்டர். 1000 கெஜம், அதாவது 914 மீட்டர், தள்ளி நிற்கும் இலக்கை நோக்கி அதைச் சுடுவதாக வைத்துக்கொள்வோம். குழல் வாயிலிருந்து இலக்குவரை, குண்டின் அகலத்துக்கே, ஒரு நீண்ட காற்றுத் தண்டை மனதுக்குள் வெட்டியெடுத்துத் தராசில் வைத்தால் என்ன எடை இருக்கும்? கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கனமீட்டர் உலர்ந்த காற்று 1.225 கிலோ. அந்தக் கணக்கில் தண்டின் எடை 54 கிராம் வருகிறது.

காற்றை எடையற்ற ஒன்றாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் குண்டு போய்ச் சேருவதற்குள், தன்னைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு எடையுள்ள பொருளை வழியிலிருந்து ஒதுக்கித் தள்ளவேண்டியிருக்கிறது. குழலைவிட்டு வெளியேறும்போது அதன் வேகம் நொடிக்கு 790 மீட்டர். இலக்கைத் தொடும்போது சுமார் 330 மீட்டர். பாதிக்கும் மேற்பட்ட வேகத்தை வழியிலேயே காற்று வாங்கிக்கொள்கிறது. ஆற்றலாகப் பார்த்தால் ஆறில் ஐந்து பங்கு போய்விடுகிறது.

இந்த அத்தியாயம் அந்த 54 கிராமைப் பற்றியது. ஏனென்றால் அது எப்போதும் 54 கிராமாக இருப்பதில்லை. காலைக்கும் மாலைக்கும், சமவெளிக்கும் மலைக்கும், மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் அது மாறுகிறது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் மேலிருக்கும் திருகை எத்தனை கிளிக் திருப்புவது என்ற கேள்விக்குப் பாதி விடை துப்பாக்கியில் இருக்கிறது, மறுபாதி அன்றைய வானிலையில் இருக்கிறது.

காற்றுக்கு இவ்வளவு வலு உண்டு என்று முதலில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர், கணித அறிஞர். அவர் காலத்தில் பீரங்கிக் கணக்குகளுக்கு அடிப்படையாக இருந்தது, கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் நிறுவிய பரவளையப் பாதை. எறிந்த பொருள் பரவளையமாகப் போய் விழும் என்பது வெற்றிடத்தில் அப்பழுக்கில்லாத உண்மை. காற்றும் தடுக்கும் என்று தெரியாதவர்கள் அல்ல அன்றைய பீரங்கிக் கணக்கர்கள். இவ்வளவு கனமான ஈயக் குண்டை அவ்வளவு மெல்லிய காற்று என்ன செய்துவிடப்போகிறது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள்.

ராபின்ஸ் செய்த கருவி மிக எளிமையானது. கனத்த ஊசல் ஒன்று. அதன் முகப்பில் மரக்கட்டை. குண்டு கட்டையில் பாய்ந்து அங்கேயே தங்கிவிடும்; அந்த அடியில் ஊசல் பின்னோக்கி ஆடும். ஊசலின் அடியில் கட்டிய ஒரு நாடா, ஆட்டத்துக்கேற்பக் கொஞ்சம் வெளியே இழுபடும். நாடா எவ்வளவு இழுபட்டது என்பதிலிருந்து ஊசல் பெற்ற உந்தத்தையும், உந்தத்திலிருந்து குண்டின் வேகத்தையும் கணக்கிட்டுவிடலாம். நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் பாயும் ஒன்றின் வேகத்தை ஒரு துண்டு நாடாவைக்கொண்டு அளந்த அந்தக் கூர்மைக்காகவே நான் ராபின்ஸை வணங்குவேன். பிறகு அவர் ஊசலைத் துப்பாக்கியிலிருந்து வெவ்வேறு தூரங்களில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். தூரம் கூடக்கூட வேகம் சரிந்துகொண்டே போனது. முக்கால் அங்குல ஈயக் குண்டு நொடிக்கு 1700 அடி வேகத்தில் போகும்போது, காற்று அதைத் தடுக்கும் விசை குண்டின் எடையைப்போல் சுமார் 120 மடங்கு என்று அவருக்கு விடை கிடைத்தது. பரவளையக் கணக்குப்படி அந்தக் குண்டு 17 மைல் போகவேண்டும். உண்மையில் அரை மைல் போவதே பெரும்பாடு.

இதையெல்லாம் அவர் 1742-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில், 1745-இல், மாபெரும் கணித மேதையான ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூல நூலைவிடப் பெரிய விளக்கங்களைச் சேர்த்தார். ராபின்ஸின் வாழ்க்கை முடிந்தது நம் கரையில்தான். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-இல் வந்து சேர்ந்தவர், காய்ச்சல் கண்டு, 1751 ஜூலையில் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையில் இறந்துபோனார். வயது 44. குண்டு பறக்கும் இயலை அறிவியலாக்கிய மனிதர் காலமான இடம் அது என்பது, அந்தக் கடற்கரையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்!

இனி ஸ்கோப்புக்கு வருவோம்.

ஸ்கோப்பின் மேல்திருகை ஒரு கிளிக் திருப்பினால் குறிக்கம்பி ஒரு சிறு கோணம் நகரும். பரவலான ஒரு வகையில் அந்தக் கோணம் ஒரு மில்லிரேடியனில் பத்தில் ஒரு பங்கு. 1000 கெஜத்தில் அது 9 சென்டிமீட்டர். 100 கெஜத்தில் நேர்செய்யப்பட்ட துப்பாக்கியை 1000 கெஜத்துக்குத் தூக்கிப் பிடிக்க, மேலே சொன்ன குண்டுக்குக் கடல்மட்டத்தில் சுமார் 120 கிளிக் தேவைப்படும். பயணநேரம் ஏறக்குறைய 1.8 நொடி. அந்த நேரத்துக்குள் குண்டு குழலின் நேர்கோட்டிலிருந்து சுமார் 12 மீட்டர் கீழே விழுந்திருக்கும். நாலு மாடி உயரம்!

இதே துப்பாக்கியையும் இதே தோட்டாவையும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் இருக்கும் ரேட்டனுக்குக் கொண்டுபோவோம். அங்கே விட்டிங்டன் சென்டர் என்ற புகழ்பெற்ற சுடுதளம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரம். கோடை நாளில் 30 டிகிரி வெப்பம் என்றால், ஒரு கனமீட்டர் காற்று 0.91 கிலோதான். நம் காற்றுத் தண்டு 54 கிராமிலிருந்து 40 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. குண்டு இலக்கைத் தொடும்போது நொடிக்கு 420 மீட்டர் வேகம் மிச்சமிருக்கும். வீழ்ச்சி 12 மீட்டரிலிருந்து 10 மீட்டராகக் குறையும். கடற்கரை ஊரில் பழகிய ஒருவர் அதே 120 கிளிக்கை வைத்துக்கொண்டு ரேட்டனில் சுட்டால், குண்டு இலக்குக்கு 2 மீட்டர் மேலே போய்விடும், அட்டையிலேயே படாது. அமெரிக்க 1000 கெஜப் போட்டி இலக்கில் 10 மதிப்பெண் வளையத்தின் விட்டமே 20 அங்குலம், அரை மீட்டர்தான்.

இந்த எண்கள் எல்லாம் சுமாரானவை. குண்டின் வடிவம், குழலின் நீளம், மருந்தின் அளவு மாறினால் இவையும் மாறும். ஆனால் மாற்றம் எந்தப் பக்கம், எந்த அளவு என்பது இப்படித்தான் இருக்கும்.

காற்றின் அடர்த்தியைத் தீர்மானிப்பவை மூன்று: அழுத்தம், வெப்பம், ஈரப்பதம். மூன்றும் சம பலம் கொண்டவை அல்ல. சுடுபவர்கள் அதிகம் கவலைப்படும் ஒன்று உண்மையில் மிகக் குறைந்த பலமுள்ளது. கவனிக்காமல் விடும் ஒன்றுதான் ஆளைக் கவிழ்ப்பது.

வெப்பத்தை முதலில் பார்ப்போம். காலை 10 டிகிரியில் பயிற்சி தொடங்குகிறது. பிற்பகலில் 35 டிகிரி. பாலைநிலச் சமவெளிகளில் இது சாதாரணம். அழுத்தம் மாறாவிட்டாலும் காற்றின் அடர்த்தி இதற்குள் 8 விழுக்காடு குறைந்திருக்கும். 1000 கெஜத்தில் குண்டு சுமார் 60 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். காலையில் நடுவளையத்தில் விழுந்த குண்டு, துப்பாக்கியை யாரும் தொடாமலேயே, மதியம் வளையத்தைவிட்டு வெகுதூரம் வெளியே போய்விடுகிறது. இதை அறியாதவர் ஸ்கோப்பைச் சந்தேகப்படுவார், தோட்டாவைச் சந்தேகப்படுவார், தன் தோளைச் சந்தேகப்படுவார்.

அழுத்தத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, வானிலை மாற்றத்தால் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. ஒரே இடத்தில் 10 மில்லிபார் குறைந்தால் அடர்த்தி ஒரு விழுக்காடு குறையும். 1000 கெஜத்தில் கிட்டத்தட்ட ஒரு கிளிக். பெரிய விஷயமில்லை. மற்றொன்று, உயரத்தால் வருவது. கடல்மட்டத்தில் சராசரி 1013 மில்லிபார். ரேட்டனின் உயரத்தில் 800-ஐ ஒட்டித்தான் இருக்கும். இது மலையளவு விஷயம்.

பொறி இங்கேதான் இருக்கிறது. வானிலை அறிக்கையோ கைபேசிச் செயலியோ ரேட்டனுக்கும் 1015 மில்லிபார் என்றுதான் காட்டும். அது பொய்யில்லை. புயல், காற்றழுத்தத் தாழ்வு ஆகியவற்றை வரைபடத்தில் காண வேண்டுமானால் எல்லா ஊர்களின் அழுத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அதனால் வானிலையாளர்கள் எந்த ஊரில் அளந்ததையும் கடல்மட்டத்துக்கு மாற்றி அறிவிக்கிறார்கள். ஆனால் குண்டு பறப்பது மாற்றிய காற்றில் அல்ல, அங்கே நிஜமாக இருக்கும் காற்றில். 1015 என்று அறிக்கையில் கண்டதை, எத்தனை கிளிக் என்று கணக்கிடும் கணிப்பானில் அந்த இடத்தின் உண்மை அழுத்தமாகப் பதிந்துவிட்டால், அது மலையைச் சமவெளியாக எடுத்துக்கொள்ளும். குண்டு ஒன்றரை மீட்டர் மேலே போகும். உண்மை அழுத்தம் 800 என்று சரியாகப் பதிந்துவிட்டு, கூடவே உயரம் 2000 மீட்டர் என்றும் தனியாகச் சேர்த்தால், சில கணிப்பான்கள் உயரத்துக்காக இரண்டாம் முறை கழிக்கும். குண்டு கீழே போகும். கையில் பிடித்து அளக்கும் சிறு வானிலைமானி இருந்தால், அது காட்டும் நிலைய அழுத்தத்தை, அதாவது அந்த இடத்தின் உண்மை அழுத்தத்தை, மட்டும் எடுத்துக்கொண்டு, உயரம் என்ற கட்டத்தை மறந்துவிடுவதுதான் பாதுகாப்பு. நெடுந்தூரம் சுடக் கற்பவருக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஈரப்பதத்தைப் பற்றி நிலவும் எண்ணம் தலைகீழானது. புழுக்கமான நாளில் காற்று கனமாக இருக்கிறது என்று உடம்பு சொல்கிறது. வியர்வை உலராததால் வரும் உணர்வு அது. இயற்பியல் வேறு சொல்கிறது. காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28, ஆக்சிஜனுடையது 32. கலவையாகச் சராசரி 29-ஐத் தொடும். நீர் மூலக்கூறின் எடை 18. அதே அழுத்தத்தில், அதே வெப்பத்தில், ஒரு கனமீட்டருக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாது. ஆகவே ஒரு நீராவி மூலக்கூறு நுழைந்தால் கனமான ஒன்று வெளியேறியாக வேண்டும். ஈரக்காற்று லேசான காற்று. எவ்வளவு லேசு? 35 டிகிரியில் முற்றிலும் உலர்ந்த காற்றுக்கும் முழுக்க நீராவி நிரம்பிய காற்றுக்கும் வித்தியாசமே 2 விழுக்காடுதான். 10 டிகிரியில் அரை விழுக்காடுகூட வராது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. குளிர்நாட்டுச் சுடுதளத்தில் ஈரப்பதமானியைப் பார்த்து ஸ்கோப்பைத் திருப்புவது வீண் வேலை.

மூன்றையும் தனித்தனியே சுமப்பதற்குப் பதில், விமானிகள் ஒரே எண்ணைப் பயன்படுத்துகிறார்கள்: அடர்த்தி உயரம். இன்றைக்கு இங்கே இருக்கும் காற்றின் அடர்த்தி, சீரான ஒரு மாதிரி வளிமண்டலத்தில் எந்த உயரத்தில் இருக்கும் என்பதே அது. அந்த மாதிரியில் கடல்மட்ட வெப்பம் 15 டிகிரி. மேலே போகப்போக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும். அந்த உயரத்துக்கு உரிய வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடினால் அடர்த்தி உயரம் சுமார் 120 அடி கூடும். ரேட்டனின் 2000 மீட்டரில் இருக்கவேண்டிய வெப்பம் 2 டிகிரி, இருப்பது 30. அந்த 28 டிகிரியால் 1000 மீட்டர் கூடுகிறது. தரை இருப்பது 2000 மீட்டரில். குண்டு உணர்வதோ 3000 மீட்டர் உயரத்துக் காற்று. விமானிக்கு இது ஓடுபாதையின் நீளம் போதுமா என்ற கேள்வி; துப்பாக்கி சுடுபவருக்கு எத்தனை கிளிக் என்ற கேள்வி. ஒரே எண், இரண்டு தொழில்.

பீரங்கிப் படையினர் இதை நூறாண்டுக்கு மேலாக அறிவார்கள். அவர்களுடைய குண்டு பல கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்குவதால், தரையில் அளந்தால் போதாது. பலூன் விட்டு மேலடுக்குகளின் வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் அளக்கிறார்கள். 1999 கார்கில் போரில், 3000 மீட்டருக்கு மேற்பட்ட திராஸ் பகுதியில் போஃபர்ஸ் பீரங்கிகள் சமவெளியில் எட்டாத தூரத்தை எட்டின. பீரங்கியும் வெடிமருந்தும் பழையவைதான். கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே அங்கே காற்று இருந்தது.

இதுவரை காற்றின் எடையைப் பற்றியே பேசினேன். வெப்பநிலை இன்னொரு வழியிலும் குண்டைத் தொடுகிறது. அது ஒலியின் வேகம் வழியாக. காற்றில் ஒலியின் வேகத்தை முடிவு செய்வது வெப்பம். அழுத்தத்துக்கு அதில் பங்கே இல்லை. 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், 15-இல் 340, 30-இல் 349. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டின் மூக்கிலிருந்து கூம்பு வடிவில் அதிர்ச்சி அலை கிளம்புகிறது. இயற்பியலாளர்களான எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஹரும் அந்த அலையை நிழற்படமாகப் பிடித்து 1887-இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத காற்றில், குண்டுக்கு முன்னால் வில்லாக வளைந்து நிற்கும் அந்தக் கறுப்புக் கோட்டை முதன்முதலாகப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! குண்டின் ஆற்றலில் பெரும்பகுதியைத் தின்பது அந்த அலைதான். ஒலி வேகத்தைக் கடக்கும் இடத்தில் தடைக் கெழு உச்சத்தைத் தொடுகிறது; அதற்குக் கீழே இறங்கியதும் மூன்றில் ஒரு பங்குக்குச் சரிந்துவிடுகிறது. ஒலி வேகத்தை ஒட்டித் தடை திடீரென்று எகிறுவதை ராபின்ஸே கவனித்து எழுதியிருக்கிறார்.

அந்த எல்லையைக் கடக்கும் நேரம்தான் குண்டுக்கு ஆபத்தான நேரம். ஒலியின் வேகத்தைப்போல் 1.2 மடங்கிலிருந்து அதற்குக் கீழே இறங்கும் பகுதியில், அதிர்ச்சி அலைகள் குண்டின் உடம்பில் இடம் மாறுகின்றன. காற்றின் அழுத்தம் ஒருங்கே விழும் புள்ளி நகர்கிறது. சில குண்டுகள் தலையாட்டத் தொடங்கும். சில அமைதியாகக் கடந்துவிடும். எது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சுட்டுத்தான் பார்க்கவேண்டும். நாம் எடுத்துக்கொண்ட குண்டு கடல்மட்டத்தில் 730 மீட்டரை ஒட்டி அந்தப் பகுதிக்குள் நுழைகிறது. கடைசி 180 மீட்டரும் அதற்குள்தான் பயணம். ரேட்டனில் அதே குண்டு 1000 கெஜத்தில் இலக்கைத் தொடும்போதுதான் அந்த வாசலுக்கே வருகிறது. குளிர் நாளில் கதை இன்னும் மோசம். காற்று அடர்ந்திருப்பதால் வேகம் சீக்கிரம் குறைகிறது. கூடவே குண்டின் வேகத்துக்கும் ஒலியின் வேகத்துக்கும் உள்ள விகிதமும், அதோடு தடையின் அளவும் மாறுகின்றன. வெயில் காலத்தில் 1000 கெஜத்தில் அழகாகக் கூடிவிழும் தோட்டா, பனிக்காலத்தில் அதே தளத்தில் சிதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பம் குண்டைத் தொடும் மூன்றாவது இடம் தோட்டாவின் உள்ளே. சூடான மருந்து வேகமாக எரியும். மருந்தின் வகையைப் பொறுத்து, 20 டிகிரி சூடு ஏறினால் குண்டின் தொடக்க வேகம் நொடிக்கு 10 மீட்டர்வரை கூடலாம்; 1000 கெஜத்தில் அது சுமார் 30 சென்டிமீட்டர். வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. என்றாலும் தோட்டாப் பெட்டியை நிழலில் வைப்பதும், சுட்டுச் சூடேறிய குழல் அறைக்குள் தோட்டாவை நெடுநேரம் காத்திருக்க விடாமல் இருப்பதும் நல்ல சுடுபவர்களின் பழக்கம்.

இனி பக்கக் காற்று. குண்டைக் காற்று ஒதுக்குவதைப் பலரும் ஆற்றைக் கடக்கும் பரிசலாக நினைக்கிறார்கள்: நீரோட்டம் போகும் வேகத்தில் பரிசல் ஒதுங்கும், கடக்க எடுத்த நேரத்தால் பெருக்கினால் ஒதுங்கிய தூரம். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 4 மீட்டர் பக்கக் காற்று, 1.8 நொடிப் பயணம். 7 மீட்டர் ஒதுங்கவேண்டும். உண்மையில் ஒதுங்குவது இரண்டரை மீட்டர்தான். காரணம், சுழன்றுகொண்டே போகும் குண்டு, தன்னை நோக்கி வரும் காற்றின் பக்கம் லேசாக மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. பின்னோக்கி இழுக்கும் காற்றுத்தடை அப்போது சற்றே சாய்வாக இழுக்கிறது. அந்தச் சாய்வுதான் குண்டைப் பக்கவாட்டில் ஒதுக்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி டிடியோன் இதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார்: வெற்றிடத்தில் ஆகியிருக்கும் நேரத்தைவிடக் காற்றில் எவ்வளவு தாமதம் ஆனதோ, அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் போதும். நம் குண்டுக்கு வெற்றிடத்தில் ஆகும் நேரம் 1.16 நொடி; காற்றில் 1.8. தாமதம் 0.64 நொடி. நாலால் பெருக்கினால் இரண்டரை மீட்டர் வந்துவிடுகிறது.

இந்த விதியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பக்கக் காற்றின் விளைவு முழுவதும் தடையின் விளைவு. தடையில்லாவிட்டால் பக்கக் காற்றாலும் குண்டை அசைக்க முடியாது. அப்படியானால் காற்று லேசாகும்போது இதுவும் குறைய வேண்டும் அல்லவா? குறைகிறது. ரேட்டனில் தாமதம் 0.43 நொடியாகச் சுருங்குகிறது. அதே 4 மீட்டர் காற்றுக்கு ஒதுக்கம் 1.7 மீட்டர்தான். மலையில் சுடுபவர் உயரத்துக்கான கிளிக்கைக் குறைத்தால் மட்டும் போதாது, பக்கவாட்டுக் கணக்கையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை குண்டின் பயணம். ஆனால் ஸ்கோப்புக்குள் வரும் ஒளியும் அதே 914 மீட்டர் காற்றைக் கடந்துதான் வருகிறது. அதுவும் நேர்கோட்டில் வருவதில்லை.

காற்றின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிட மிகமிகச் சிறிதளவே அதிகம்: 1.00028. அந்த மிச்சம் அடர்த்தியைப் பொறுத்தது. வெயிலில் காய்ந்த தரையை ஒட்டிய காற்று சூடாகவும் லேசாகவும், மேலே இருப்பது குளிர்ந்தும் அடர்ந்தும் இருக்கும். ஒளி அடர்ந்த காற்றின் பக்கம், அதாவது மேல்நோக்கி, வளையும். இலக்கிலிருந்து கிளம்பிய கதிர் கீழே தொங்கும் கயிறுபோல் வளைந்து வந்து ஸ்கோப்பில் நுழைகிறது. கண்ணுக்கு வளைவு தெரியாது; வந்து சேர்ந்த திசையிலேயே இலக்கு இருப்பதாக நம்பும். ஆகவே இலக்கு, அது உண்மையில் நிற்கும் இடத்தைவிடக் கீழே தெரியும். வழிநெடுகிலும் உயரம் ஒரு மீட்டர் கூடினால் வெப்பம் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், 1000 கெஜத்தில் இந்த இடப்பெயர்ச்சி 35 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. 10 மதிப்பெண் வளையத்தின் ஆரத்தைவிட அது அதிகம்! குறிக்கம்பி இலக்கின் நடுவில் கச்சிதமாக அமர்ந்திருக்கும்; அமர்ந்திருப்பது இலக்கின் மேல் அல்ல, அதன் பிம்பத்தின் மேல். மேகம் ஒன்று வெயிலை மறைத்துத் தரை குளிரத் தொடங்கினால் பிம்பம் மெல்ல மேலே ஏறும். குண்டின் பாதையை வளைக்கும் அதே அடர்த்திதான் பார்வையின் பாதையையும் வளைக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் வராது. குண்டுக்கு முக்கியம் வழியெங்கும் உள்ள சராசரி அடர்த்தி. ஒளிக்கு முக்கியம் கீழிருந்து மேலே அடர்த்தி மாறும் விதம். வானிலைமானி முதலாவதைச் சொல்லிவிடும். இரண்டாவதை அது சொல்லாது.

ஒளியை இப்படி வளைக்கும் கானலால் ஒரு நன்மையும் உண்டு. இலக்குக்குச் சற்று முன்னால் தொலைநோக்கியைக் குவித்தால், சூடான காற்றுத் திரள்கள் நெளிந்து ஓடுவது தெரியும். அவை ஓடும் பக்கம்தான் காற்றடிக்கும் பக்கம். நெளிவு மெதுவாகச் சாய்ந்து போனால் காற்று மெல்லியது. தட்டையாகப் படுத்து ஓடினால் வலுத்தது. எந்தப் பக்கமும் சாயாமல் நேரே மேலெழுந்து கொதித்தால், ஒன்று காற்றே இல்லை, அல்லது அது சுடும் கோட்டின் வழியாகவே வீசுகிறது. அனுபவமுள்ளவர்கள் கொதிப்பு நிலையில் சுடமாட்டார்கள். அடுத்த கணம் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அப்போது சொல்லமுடியாது.

இங்கிலாந்தின் பிஸ்லியில் 1890 முதல் நெடுந்தூரப் போட்டிகள் நடக்கின்றன. அதற்கு முன் 30 ஆண்டுகள் அவை விம்பிள்டன் பொதுவெளியில் நடந்தன. 1860-இல் விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். அங்கே நடக்கும் அரசர் பரிசுப் போட்டியின் இறுதிச் சுற்று இன்றும் 900, 1000 கெஜ தூரங்களில்தான் நடக்கிறது. தளம் நெடுகக் கொடிகள் பறக்கும். அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை ஒரே இடத்தில் நின்று அளந்தால் போதும். ஒரு கிலோமீட்டருக்குள் அவை பெரிதாக மாறிவிடாது. அதனால்தான் உயரத்துக்கான கணக்கை ஒரு சிறு கருவி இன்று முடித்துவிடுகிறது. பக்கக் காற்று அப்படியில்லை. சுடுபவரின் அருகே இடமிருந்து வீசும், நடுவில் அடங்கும், இலக்கருகே வலமிருந்து வீசும். கொடிக்குக் கொடி சேதி மாறும். மூன்றில் எதற்கு அதிக மதிப்புத் தருவது? பொதுவாக, தொடக்கத்தில் திசை மாறிய குண்டு மீதித் தூரம் முழுவதும் விலகிக்கொண்டே போகும் என்பதால், சுடுபவரின் பக்கத்துக் காற்று சுமார் 100 மீட்டர் நீளத்தில் தரும் விலகல், இலக்கருகே அதே நீளத்தில் வரும் விலகலைவிடப் பெரிது. ஆனால் இலக்கருகே குண்டின் வேகம் குறைந்திருக்கும். அங்கே வீசுவது பலமான காற்றானால் கணக்கு மாறும். லேசர் கதிரைச் செலுத்தி, வழியிலுள்ள தூசுகளில் பட்டுத் திரும்பும் ஒளியிலிருந்து பாதை முழுவதற்கும் காற்றின் வேகத்தை அறியும் கருவிகளை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். அவை போட்டித் தளங்களுக்கு வந்து சேரும்வரை, பிஸ்லியில் படுத்திருப்பவர் ஒரு கண்ணை ஸ்கோப்பிலும் மறு கண்ணைக் கொடிகளிலும் வைத்துக்கொண்டு, இரண்டு கொடிகள் ஒரே பக்கம் சாயும் கணத்துக்காகத்தான் காத்திருக்கிறார்.